ஜெபத்தின் மீதிப் பாதி

எனக்குச் சத்தமாக ஜெபிக்க வராது. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் என்று எல்லாவற்றையும் ஒரே சபையில் முடித்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் இதை எழுதுவது வெட்கம்தான். மனசுக்குள் நன்றாகவே ஜெபிப்பேன். நாலு பேர் கேட்க வாயைத் திற என்றால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேறு நம்பிக்கைக்காரர் ஒருவரிடம் போய், நான் யாரை நம்புகிறேன், எதற்கு நம்புகிறேன் என்று சொல்வது அதைவிடக் கஷ்டம்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் உண்டு. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக ஜெபிக்க வேண்டும். ஆரம்பித்ததும் நான் தலைகளை எண்ணுவேன். எனக்கு முன்னால் மூன்று தலை மிச்சம் இருக்கும்போது தண்ணீர் குடிக்க எழுந்து போவேன். சுவரோரம் மாட்டிக்கொண்டால் இருமுவேன். எந்த இருமல் சளியால் வருவது, எந்த இருமல் பயத்தால் வருவது என்று என் மனைவிக்குத் தெரியும்.

சபையில் எனக்கு ஒரு நல்ல ஒளிவிடம் கிடைத்தது. மைக் செட். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்காருகிறேன், பதினெட்டு வருஷமாக. மைக்கைத் திருகுகிறவனை யாரும் மைக்கில் பேசக் கூப்பிடுவதில்லை. எங்கள் சபைக் கோயிலின் மேலே இருக்கும் கோளாம்பி ஒலிபெருக்கி பக்கத்து வீட்டைப் பார்த்தபடி இருந்தது. என் பங்குச் சுவிசேஷ ஊழியத்தை அந்தக் கோளாம்பி செய்துகொள்ளும் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்தப் பக்கத்து வீடு அண்ணாச்சியின் வீடு. கோயிலுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. சைவக் குடும்பம். அப்பாவும் தாத்தாவும் சர்க்கார் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர்கள். இவர் சந்திப்பில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, ஏழே முக்காலுக்குக் கடைக்குக் கார் எடுப்பார். ஒலிபெருக்கியைப் பற்றி ஒரே ஒருமுறை என்னிடம் பேசியிருக்கிறார்.

"எலே மக்கா, உங்க சாமிக்கு நல்லா காது கேக்கும். எனக்கும் கேக்கும். கொஞ்சம் கொறச்சு வச்சா ரண்டு பேருக்கும் நல்லதாக்கும்."

குறைத்து வைத்தேன். கொஞ்சம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் சபையில் வீடுவீடாகப் போய்ச் சாட்சி சொல்லும் திட்டம் வந்தது. என்னோடு ஜோடி சேர்ந்தவர், ஒற்றசேகரமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு காலத்தில் சாராயம் காய்ச்சியவர். அவர் மனம் திரும்பிய கதையைக் கேட்டால் யாரானாலும் உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பார்கள். என்னிடம் என்ன கதை இருக்கிறது? ஞாயிறு பள்ளிக்குப் போனேன், பிறகு பெரியவர்கள் ஆராதனைக்குப் போனேன். நடுவில் ஒருமுறை பீடி இழுத்து வாந்தி எடுத்தேன். அதைச் சாட்சி என்று சொல்ல முடியாது.

அண்ணாச்சி வீட்டு முறை வந்த அன்றைக்கு என் ஜோடிக்கு வயிறு சரியில்லை. தனியாகப் போனேன். அரைமணி நேரம் இருந்தேன். மழையைப் பற்றிப் பேசினோம். சிமெண்ட் மூட்டை என்ன விலை என்று கேட்டேன், சொன்னார். வீடு கட்டுகிறாயா என்று கேட்டார், இல்லை என்றேன். கொடுக்கச் சொல்லிச் சபை தந்த சுவிசேஷக் கைப்பிரதி சட்டைப் பையிலேயே இருந்தது. மறுநாள் காலை யாரும் பார்க்காதபோது அவர் வாசலில் கிடந்த செய்தித்தாளுக்குள் அதைச் சொருகிவிட்டு வந்தேன். பத்து நிமிஷத்தில் வேலிக்கு மேலே கை நீண்டது.

"உனக்க நோட்டீசு எனக்க பேப்பருக்குள்ள வந்து கெடக்கு. பேப்பர்க்காரன் மாத்திப் போட்டுட்டான் போல."

"ஆமா அண்ணாச்சி, இருக்கும்" என்று வாங்கிக்கொண்டேன். சேவல் கூவுமுன் குருவைத் தெரியாது என்று சொன்ன வேதாகமச் சீடனின் நினைப்பில், அன்று முழுக்க எங்கள் வீட்டுச் சேவலைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

போன சித்திரையில் என் மகளுக்கு விபத்து நடந்தது. கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போனவள், காரக்கோணம் ரோட்டு வளைவில் ஒரு ஆடு குறுக்கே பாய, விழுந்துவிட்டாள். ஹெல்மெட் தனியாகத் தெறித்துப் போயிருந்தது. கடைக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணாச்சிதான் பார்த்து, காரில் தூக்கிப் போட்டு, எனக்கும் போன் செய்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளை ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். மயக்கம் தெளியவில்லை என்றார்கள். மனைவி காட்டாக்கடையில் தங்கை வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வராந்தாவில் நானும் அண்ணாச்சியும் மட்டும். அவருடைய வெள்ளை வேட்டியில் என் பிள்ளையின் ரத்தம்.

எனக்கு எதுவும் ஓடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த 'செருப்பைக் கழற்றவும்' என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு, செருப்போடு நின்றேன்.

"மக்கா, வெறுதே நிக்காத. ஒரு ஜெபம் பண்ணு" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி..."

"நான் எனக்க சாமிட்ட சொல்லியாச்சு. உனக்க ஆளுட்ட நீதானே சொல்லணும்?"

கண்ணை மூடினேன். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "ஹலோ."

இன்னொருமுறை முயன்றேன். "ஹலோ... ஹலோ... செக்."

பதினெட்டு வருஷமாக ஞாயிறு காலைகளில், ஆளில்லாத கோயிலில், மைக்கைச் சோதிக்க நான் வாய்விட்டுச் சொன்ன வார்த்தைகள் அவை மட்டுமே. பிள்ளை உள்ளே கிடக்கும்போதும் என் நாக்குக்கு அவைதான் தெரிந்தன.

"ஆருக்குலே போன்?" என்று கேட்டார்.

"போன் இல்ல அண்ணாச்சி."

என் இரண்டு கைகளையும் பார்த்தார். காலியாக இருந்தன. அவர் சிரிக்கவில்லை. பிறகு கைகூப்பி நின்று, எங்கள் பரமண்டல ஜெபத்தை அவரே ஆரம்பித்தார்.

ஒரு சொல் பிசகவில்லை. எங்கள் போதகர் இழுக்கும் இடத்தில் இழுத்தார். சபை மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கினார். ஒரு இடத்தில் லேசாகச் செருமினார், அதுவும் போதகருடைய செருமல்தான். ஊசி மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் ஒருத்தி அவர் நெற்றியையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளை மாதிரி ஒரு சொல் பின்னால் நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பாதியில் அவர் நிறுத்தினார். நானும் நிறுத்தினேன்.

"சொல்லு" என்றார்.

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

"எனக்கு இதுவரைதான் தெரியும். இந்த எடம் வரும்போ எப்பவும் சத்தம் நின்னுபோவும். பெறவு பாட்டாக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் சபையில் நல்ல மைக் வயர் ஒன்றுதான் உண்டு. பரமண்டல ஜெபம் முடிந்த கையோடு பாட்டு. அதனால் பாதி ஜெபத்தில், எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது, போதகரின் மைக்கிலிருந்து வயரைப் பிடுங்கிப் பாடகர் குழுவின் மைக்கில் சொருகுவது என் வழக்கம். கோயிலுக்குள் இருப்பவர்களுக்கு மைக் இல்லாமலேயே கேட்கும். வெளியே இருக்கும் ஒரு மனிதருக்கு அதன் பாதியை நான் இத்தனை வருஷமாக அணைத்துக்கொண்டிருந்தேன்.

"மீதி உண்டா?"

"உண்டு."

"அப்ப சொல்லு. இப்பிடி பாதியில விட்டா ஆகுமா?"

சொன்னேன். குரல் உடைந்தது, மூக்கு ஒழுகியது, ஆனாலும் அவருக்குக் கேட்கும்படி சொன்னேன். முடிந்த பிறகும் வாய் நிற்கவில்லை. அவள் ஹெல்மெட்டில் வார் அறுந்திருந்ததை, மாற்றித் தாருங்கள் என்று அவள் இரண்டு வாரமாகக் கேட்டதை, நாளை நாளை என்று நான் தள்ளிப்போட்டதை எல்லாம் சொன்னேன். அழகான ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை. முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் நான் நின்றபோது, அண்ணாச்சி "ஆமென்" என்றார். நர்ஸும் சொன்னாள்.

தலைக்குள் சிறிய ரத்தக்கட்டு, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். காறை எலும்பு உடைந்திருந்தது. பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தாள். அவள் தேறிவிட்டாள், நான் இன்னும் தேறவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் போய்க் கதவைத் தட்டுகிறேன். "அப்பா, சோப்பு போடுறேன்" என்று உள்ளிருந்து குரல் வரும். அந்தக் குரல் வரும்வரை மூச்சு விடுவதில்லை.

போன சனிக்கிழமை வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். ஆபத்திலிருந்து தப்பினால் சபையையும் அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு நன்றி சொல்வது வழக்கம். வீட்டுத் தலைவன் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும்.

"இதுக்கு இருமல் எடுபடாது" என்றாள் மனைவி.

உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். எழுத்தர் அல்லவா, கை தாராளமாக ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் சற்றும் கலங்காமல் முழங்காலில் நின்றதாகவும், உள்ளத்தில் பெரிய சமாதானம் நிரம்பியதாகவும் எழுதினேன். மகள் வாங்கிப் படித்தாள்.

"அப்பா, இந்த ஆளு ஆரு? நமக்க சபையிலயா இருக்காரு?"

நாலு பேருக்கு விசுவாசம் வளரட்டுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

கூட்டத்தில் போதகர் என்னைக் கூப்பிட்டார். எழுந்து தாளை விரித்தேன். முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், துவைத்த வேட்டியும் புது விபூதியுமாக அண்ணாச்சி. சபைக்கு என்ன தெரியும்? எதை வாசித்தாலும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். அண்ணாச்சிக்குத் தெரியும். என் விசுவாசத்தைப் பற்றி அந்த மனிதரிடம் நான் சொல்லப்போகும் முதல் பேச்சு அது. அதுவே பொய்யாக இருந்தால், பிறகு எந்த முகத்தோடு இன்னொரு வார்த்தை சொல்வது?

தாளை மடித்தேன். "எனக்கு அன்னிக்கு ஜெபிக்க வரல்ல" என்றேன். "கண்ணை மூடி, ஹலோ ஹலோன்னு சொன்னேன்."

சாராயம் காய்ச்சிய என் பழைய ஜோடி மட்டும் பழக்க தோஷத்தில் "ஸ்தோத்திரம்!" என்று கத்தினார். அதோடு மகள் வெடித்துச் சிரித்தாள், உடனே தோளைப் பிடித்துக்கொண்டு "வலிக்குது, வலிக்குது" என்றாள். கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மீதியையும் சொல்லி முடித்தேன், ஜெபத்தை யார் ஆரம்பித்தார், எந்த இடத்தில் நின்றது, ஏன் நின்றது எல்லாம். எல்லோருடைய தலையும் அண்ணாச்சி பக்கம் திரும்பியது. அவர் கூரையைப் பார்த்தார். போதகர் என்னைப் பார்த்தார். மறுநாள் கமிட்டியில் இரண்டாவது வயர் வாங்கத் தீர்மானமானது.

கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பழம்பொரித் தட்டோடு பக்கத்தில் வந்தார்.

"எலே, ஒரு சம்சயம். ஜெபம் முடிஞ்சப்பெறவு நீ தனியா கொஞ்சம் பறைஞ்சேல்லா, ஹெல்மெட் வாரு காரியம். அதெல்லாம் பறையலாமா? மைக்குல நான் கேட்டதே இல்லியே."

"பறையலாம் அண்ணாச்சி."

"அவரு கேப்பாரா?"

பையில் இருந்த நாலு பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. "கேப்பாருன்னுதான் நம்புறேன்" என்றேன். "எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. பிள்ளை பிழைச்சிருக்காட்டா என்ன சொல்லியிருப்பேன்னும் தெரியாது. ஆனா அன்னிக்கு அங்க என்னைய அவரு தனியா விடல்ல. அது எனக்கு நிச்சயம்."

"கூட நின்னது நானாக்கும்."

"உங்கள அனுப்புனது அவருன்னு நான் நெனைக்கேன்."

"கடைக்கு லோடு வருதுன்னு போனேன்லே."

"அதுக்கும்தான் போனீங்க."

அண்ணாச்சி இன்னொரு பழம்பொரியை எடுத்து முழுசாக மென்று தீர்த்தார். கோபமோ என்று பயந்தேன். வாதத்துக்கு வந்தால் எனக்கு இன்னொரு வாக்கியம் கையில் இல்லை.

"வியாழக்கிழமை எனக்க வீட்டுக்காரிக்கு ஆஞ்சியோ எடுக்கணும்" என்றார். "மவன் துபாயில இருந்து வர முடியாதாம். நீ வருவியா?"

"வாறேன் அண்ணாச்சி."

"வந்துட்டு பேசாம இருக்கப்படாது. வாயத் தொறக்கணும்."

"தொறக்கேன்."

தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இன்று செவ்வாய். வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.