ஃபெயில் சாரின் இனிப்புச் சோளம்

ஓட்டுநர் உரிமத்துக்கு வருகிறவர்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவருக்கு. பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை வாய் திறக்க மாட்டார். அந்த மௌனத்திலேயே பாதிப் பேருக்குக் கியர் மாறிவிழும். மருந்துக்கடைக்காரர், வக்கீல், பள்ளித் தலைமையாசிரியை என்று பேதம் பார்க்காமல் எல்லோரையும் ஒருமுறையாவது திருப்பி அனுப்பியிருக்கிறார். ஊர் அவருக்கு ஃபெயில் சார் என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை. அவரும் அதைப் பட்டம் மாதிரிதான் சுமந்துகொண்டிருந்தார்.

சொந்தத் தங்கையின் கணவரையே நான்கு தடவை ஃபெயிலாக்கியவர். அந்த மாப்பிள்ளை பிறகு பஸ் டிரைவராகி, ஓய்வு பெறும்வரை வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டினார். அதற்கும் தன் கண்டிப்புதான் காரணம் என்று ஃபெயில் சார் நம்பினார். டிரைவரும் மறுத்ததில்லை. மறுக்கிற சுபாவமே அவருக்குக் கிடையாது. இரண்டு வீடும் அடுத்தடுத்து. நடுவில் இடுப்பளவு கம்பி வேலி.

ஓய்வு பெற்ற பிறகு ஃபெயிலாக்க ஆள் கிடைக்காமல், சாப்பாட்டில் கை வைத்தார். கடையில் வாங்கிய சோளக்கதிரைக் கடித்துவிட்டு, சக்கை என்று தள்ளிவைத்தார். "அப்ப நீங்களே போட்டுப் பாருங்களேன்" என்று மனைவி சொன்னது, பேச்சை முடிப்பதற்காகத்தான். அவர் மறுநாளே விதைக்கடையில் போய் நின்றார்.

விதைக்கடை அம்மா பொறுமைசாலி. பழைய ரகம் ஒன்று, மிதமான இனிப்பு, கடிக்க நன்றாக இருக்கும். அதற்கு மேல் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே சர்க்கரைப் பாகு மாதிரி ஒன்று என்று எடுத்து வைத்தார். எது நல்லது என்று இவர் கேட்டார். சாப்பிடுகிறவர்களைப் பொறுத்தது என்றார் அந்த அம்மா. இப்படி வழவழவென்று பதில் சொல்கிறவர்களை அவர் வேலையில் இருந்தபோது பாஸ் செய்ததே இல்லை. இருப்பதிலேயே அதிக இனிப்பை வாங்கிக்கொண்டு வந்தார்.

முதல் வருஷம் நூல் பிடித்த மாதிரி வேலியோரம் ஒரே வரிசையாக நட்டார். பார்க்க அழகாக இருந்தது. உரித்தால் கதிர்கள் பொக்கை வாயாகச் சிரித்தன. அங்கொன்று இங்கொன்றாக இருந்த மணிகளை மனைவி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, ஒற்றை வரிசையில் நட்டால் பாதி வீணாகிவிடும், குறுக்கும் நெடுக்குமாகச் சதுரப் பாத்தியில் நடுங்கள் என்று விதைக்கடை அம்மா விளக்கினார். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று இவர் கேட்க, நீங்கள் கேட்கவில்லையே என்றார் அவர்.

இரண்டாம் வருஷம் சதுரப் பாத்தி தயாரானது. அப்போதுதான், வேலிக்கு அந்தப் பக்கம் டிரைவரும் மண்ணைக் கொத்துவது தெரிந்தது. பேரப்பிள்ளைகளுக்காகச் சோளப்பொரிக்கு ஆகும் ரகம் போடப் போகிறாராம். ஃபெயில் சார் பதறிப்போய் விதைக்கடைக்கு ஓடினார். இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால் உங்கள் சோளம் இனிப்பை இழந்து கெட்டிப்பட்டுவிடும் என்றார் அந்த அம்மா. பொரிச்சோளத்துக்கு ஒரு குறையும் வராதாம். நஷ்டம் ஒருபக்கம் மட்டும்தான் என்பதே அவருக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

வேலியோரம் நின்று மாப்பிள்ளைக்கு உத்தரவு போட்டார். தான் முதலில் விதைப்பது, அவர் மூன்று வாரம் கழித்து விதைப்பது. இவருடையது பூத்து ஓய்ந்த பிறகுதான் அவருடையது பூக்க வேண்டும். "சரிங்க மச்சான்" என்றார் டிரைவர். பேச்சு முடிந்தது.

மண் நன்றாகச் சூடேறிய பிறகு விதைக்கச் சொல்லித்தான் பாக்கெட்டில் போட்டிருந்தது. ஆனால் முதலில் விதைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னவர் எப்படிக் காத்திருப்பார்? குளிர்ந்த ஈர மண்ணில் அவசரமாக ஊன்றினார். தொடர்ந்து மழை. அந்த இனிப்பு ரகத்தின் விதை சுருங்கிப்போன சொத்தை விதை மாதிரிதான் இருக்கும், ஈரம் தாங்காது. இரண்டு வாரத்துக்குப் பிறகும் ஒன்றும் தலைகாட்டவில்லை. கிளறிப் பார்த்தால் எல்லாம் அழுகிக் கிடந்தது. மாப்பிள்ளை சந்தைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, புது பாக்கெட்டைப் பிரித்து மறுபடி ஊன்றினார். யாரிடமும் சொல்லவில்லை. டிரைவர் வாக்குத் தவறாதவர். குறித்த நாளில் தன் பங்கை விதைத்தார்.

பிறகு என்ன, இரண்டு பக்கமும் ஒன்றாக வளர்ந்து ஒன்றாகப் பூத்தன. காற்றுக்கு வேலி ஒரு பொருட்டா?

அறுவடை நாளில் முதல் கதிரைக் கடித்ததும் ஃபெயில் சாரின் முகம் சுண்டிவிட்டது. தான் மறுபடி விதைத்ததுதான் காரணம் என்று தெரிந்தும் மனசு ஏற்கவில்லை. கதிரும் கையுமாக நேரே அடுத்த வீட்டுக்குப் போய், "உங்க பொரிச்சோளம் என் பாத்தியைக் கெடுத்திடுச்சு மாப்ளே" என்றார். டிரைவர் ஒரு மணியைப் பிட்டு வாயில் போட்டு மென்றார். தேதியில் தனக்குத்தான் பிசகியிருக்கும், மன்னிக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார். ஃபெயில் சார் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

வாசல்வரை வழியனுப்ப வந்த தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க ரெண்டாந்தடவை விதைச்சத நான் மாடியிலேருந்து பாத்தேண்ணா. அவர்கிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவரு ஒண்ணுமில்லன்னு விட்டுடுவாரு. அதை உங்களால தாங்க முடியாது."

வீட்டுக்கு வந்தார். அடுக்களையில் மனைவி அந்தக் கெட்டிச் சோளத்தை வேகவைத்து, உப்புத் தடவி, இரண்டாவது கதிரில் இருந்தார். "இது நல்லாருக்குங்க" என்றார். "கடிச்சா கடிக்கிற மாதிரி இருக்கு. போன வருஷம் போட்டது பாயசத்தை மெல்லுற மாதிரில்ல இருந்துச்சு." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவிக்கு அதிக இனிப்பு பிடிக்காது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்டிருந்தால்தானே தெரிய.

அடுத்த வருஷமும் அதே மாதிரி வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டார். வேறு ரகம் வாங்கலாமே என்று இவர் சொன்னால், தெரியாத ரகத்தை நம்ப மனைவி தயாராக இல்லை. ஆனால் இனிப் பொரிச்சோளம் போடுவதில்லை என்று டிரைவர் ஒரே பிடியாக நின்றார். மச்சான் மனசை ஒருமுறை நோகடித்தது போதுமாம். தன் பாத்தியில் வெண்டைக்காய் போட்டுவிட்டார். விளைவு, ஃபெயில் சாரின் சோளம் ஒரு குறையும் இல்லாமல் தேனாக விளைந்தது. மனைவி ஒரு மணியோடு நிறுத்திக்கொண்டார். ஃபெயில் சாருக்கும் மூன்று கதிருக்குமேல் இறங்கவில்லை. மிச்சத்தைக் கூடையில் போட்டுக்கொண்டு தெருவில் வீடு வீடாகக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று, "பரவால்ல சார். தித்திப்பு கொஞ்சம் தூக்கலாயிருக்கு. அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார்.

அன்று மாலையே ஃபெயில் சார் வேலியோரம் போய் நின்றார். மாப்பிள்ளையைப் பொரிச்சோளம் போடச் சம்மதிக்க வைக்க ஒரே வழிதான் இருந்தது. விதை அழுகியதையும், சந்தை நாளில் மறுபடி ஊன்றியதையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

டிரைவர் வெண்டைச் செடியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நான் இன்னும் ரெண்டு வாரம் தள்ளிப் போட்டிருக்கலாம் மச்சான். மழைய பாத்தேனில்ல. தப்பு எம்மேலயும் இருக்கு."

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல மாப்ளே."

"இல்ல மச்சான், இருக்கு."

இருட்டும்வரை ஆளுக்கொரு பக்கம் நின்று தப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மனைவி பின்வாசலுக்கு வந்து, மண் சூடானதும் ரெண்டு பேரும் ஒரே நாள்ல விதைங்க, நாள் எதுன்னு நான் சொல்றேன் என்றார். இருவருமே சரி என்றார்கள்.