ஓரத்து வரிசை

எங்கள் பக்கத்தில் இப்போது நடவுக்கு ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. மாமல்லபுரத்து ரிசார்ட்டுகளில் அறை துடைக்க, பாத்திரம் கழுவ என்று காலையில் வேன் வந்து வாசலிலேயே ஆளை ஏற்றிக்கொண்டு போகிறது. மின்விசிறிக்குக் கீழே வேலை இருக்கும்போது சேற்றில் குனிய யாருக்குத் தலையெழுத்து? ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் செங்கல்வராயனே போன வருஷம் ஆளுக்காக வீடு வீடாக அலைந்தார்.

ஆனால் ஜெபா சிஸ்டரின் அறுபது சென்ட் கழனிக்கு மட்டும், கன்னியம்மாவின் நடவு செட்டு பதினொரு பேரும் சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில் வந்து நிற்பார்கள். கூலி எல்லோரும் தருகிற அதே கூலிதான். செங்கல்வராயனுக்கு வயிறு எரிந்தது. காரணம் ஜெபா கொண்டுவருகிற பி.பி. மிஷின்தான் என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜெபாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவள் நினைப்பில் தப்பில்லை. நடவு நாளன்று செட்டில் ஒருத்தியும் உடனே சேற்றில் இறங்க மாட்டாள். முதலில் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து கை நீட்டுவார்கள். ஜெபா பட்டையைக் கட்டி, காற்றடித்து, ஆளுக்கு ஒரு திட்டு கொடுப்பாள். "ஊறுகாய வுடுன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்பாள். "அத வுட்டா நான் சோத்தையே வுடணும் சிஸ்டரு" என்பாள் பூங்கொடி. அதன்பிறகுதான் நடவு.

ஜெபா செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நர்ஸ். வயது நாற்பத்தொன்று. செங்கல்பட்டு பஸ்ஸை அவள் நின்று பிடித்ததாக வரலாறே கிடையாது, ஓடித்தான் பிடித்திருக்கிறாள். நகக்கண்ணில் சேறு இருந்தால் வார்டில் திட்டு விழும்; இல்லாவிட்டால் கழனியில் எவளும் மதிக்க மாட்டாள். ஆகவே அவள் கைப்பையில் எப்போதும் ஒரு பழைய டூத்பிரஷ் இருக்கும், பஸ்ஸில் நகம் தேய்ப்பதற்கு.

இரண்டு வேலையும் அவள் தலைக்குள் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டிருந்தன. டூட்டிக்குக் கிளம்பும்போது புருஷன் ஏசுதாசிடம் கழனியை ஒப்படைப்பது வார்டை ஒப்படைப்பதுபோலவே இருக்கும். "மோட்டாரு ரெண்டு மணி நேரம் ஓடிச்சி. மேக்கால வரப்புல கசிவு கீது, நைட்டு ஒருக்கா பாக்கணும். கருப்புக் கோழி தீனி எடுக்கல, தனியா வெச்சிகீறேன்." திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டும் ஏசுதாஸ் விறைப்பாக நின்று, "சரிங்க சிஸ்டர்" என்று சல்யூட் அடிப்பான். ஒருமுறை வார்டில் அவள் பயிற்சி மாணவியிடம், "எட்டாம் பெட்டு வாடிக் கெடக்கு, தண்ணி வுடு" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் குவளையைத் தூக்கிக்கொண்டு போனது; ட்ரிப்ஸ் என்று அப்புறம்தான் புரிந்தது.

எதற்கு இந்த இரட்டைப் பாடு என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பார்கள். ஜெபாவின் அம்மா ஆயுசு முழுக்க ஊரார் கழனியில் நட்டவள். குடும்பத்தில் முதல்முதலாக வரப்பும் தங்களுடையது, வரப்புக்கு உள்ளே இருப்பதும் தங்களுடையது என்று ஆனது இந்த அறுபது சென்டில்தான். அந்த வரப்பில் நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதைப் போய் வார்டில் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? "சும்மா இருந்தா குண்டாயிடுவேன்" என்று சொல்லிவிடுவாள்.

இந்த வருஷ நடவன்று அவளுக்கு மத்தியானம் ஒரு மணி டூட்டி. முந்தின நாளே சேடை ஓட்டிக் கழனியைச் சேறாக்கி, நாற்றுப் பறித்து, முடி முடியாகக் கட்டிப் போட்டாயிற்று. நாற்றுக்கு ஏற்கெனவே வயதாகிவிட்டது. இன்றைக்கு நடாவிட்டால் செட்டுக்கு அடுத்த பன்னிரண்டு நாளும் வேறு இடத்தில் வேலை. அதற்குள் நாற்று மாட்டுக்குத்தான் ஆகும்.

கன்னியம்மா ஓரத்து வரிசையில் இறங்கினாள். செட்டுக்கு அவள்தான் தலைவி; ஜெபா அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஓரத்தில் அவள் நடுகிற வேகத்துக்குத்தான் மற்ற பத்துப் பேரும் நட வேண்டும்; அவள் நட்ட கோடுதான் எல்லோருக்கும் கோடு. அவள் கரையேறினால் எல்லோரும் கரையேறிவிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்கு அவள் வேகம் வேகம்தான். ஒரே ஒரு பழக்கம்: பி.பி. மிஷினுக்கு மட்டும் இதுவரை கை நீட்டியதில்லை. "நான் கல்லு. கல்லுக்கு எவளாச்சும் பட்ட கட்டுவாளா?" என்று போய்விடுவாள்.

அன்றைக்குப் பாதி வரிசையில் கன்னியம்மாவின் வலது கையிலிருந்து நாற்று நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடி விழுந்தது.

வரப்பில் நின்ற ஜெபா அதைப் பார்த்துவிட்டாள்.

"சின்னம்மா, மேல வா."

"இன்னாத்துக்கு?"

"வான்னா வா. நீ வரலன்னா இனிமே ஒருத்திக்கும் பி.பி. பாக்க மாட்டேன்."

போதாதா? பத்துப் பேரும் சேர்ந்து தலைவியை அலாக்காகத் தூக்கி வரப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். பட்டையைக் கட்டினாள். இருநூற்றுப் பத்துக்கு நூற்று இருபது.

"மிஷினு பொய் சொல்லுது. உன் கையில கட்டிப் பாரு" என்றாள் கன்னியம்மா. நாக்கு லேசாகக் குழறியது.

"எங்க, ஒருக்கா சிரி."

"கூலிய ஏத்திக் குடு, சிரிக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இடது பக்கம் மட்டும்தான் போயிற்று; வலது பக்கத்து உதடு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஜெபா உடனே 108-க்குப் போன் போட்டாள்.

"இந்த வரிசைய முடிச்சிட்டு வந்துடுறேன்டீ" என்று கன்னியம்மா எழப் பார்த்தாள்.

அந்த வார்த்தைதான் ஜெபாவைக் குத்தியது. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், வேறொருவர் கழனியில், தலை சுற்றுகிறது என்று சொன்ன அவள் அம்மாவிடம் யாரோ அதையேதான் சொன்னார்களாம்: இந்த வரிசையை முடித்துவிட்டு உட்கார் என்று. அம்மா முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவில்லை. ஜெபா அப்போது பிளஸ் டூ. சொன்னது அந்தக் கழனிக்காரனாகத்தான் இருக்கும் என்று இத்தனை வருஷமாக அந்த மனிதனை மனசுக்குள் திட்டிவந்தாள். அந்த ஆளும் செத்துப்போய்விட்டான். திட்டு மட்டும் நிற்கவில்லை.

"வரிசையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். குந்து!" என்று ஜெபா போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்தது.

செட்டு மொத்தமும் கரையேறி நின்றது. நாற்று முடிகள் சேற்றில் அப்படியே கிடந்தன. ஜெபா அதைப் பார்த்தாள். எத்தனை முடி என்று எண்ணத்தான் செய்தாள். இல்லை என்று சொன்னால் பொய். நாற்று போனால் போகட்டும் என்று திரும்பிக்கொண்டாள்.

கன்னியம்மாவால்தான் தாங்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும்போது ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே, "ஓரத்துல யாராச்சும் நில்லுங்கடி" என்றாள். யார் நிற்பது? ஓரத்தில் நிற்பவள்தான் அடுத்த தலைவி என்று ஆகிவிடும். பூங்கொடி ஒரு காலை எடுத்து வைத்தாள். மற்ற ஒன்பது பேரும் பார்த்த பார்வையில் அந்தக் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அப்ப ஏசுதாச நிறுத்துங்க" என்றாள் கன்னியம்மா. "அவன் ஆம்பள. அவனப் பார்த்து எவளுக்கும் பொறாம வராது."

எங்கள் பக்கத்தில் ஆண்கள் நாற்றுப் பறிப்பார்கள், சுமப்பார்கள், நட மாட்டார்கள். ஆட்டோவில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஏசுதாசுக்கு முகம் செத்துவிட்டது. "என் மானமே பூடும்" என்றான். ஜெபா ஆம்புலன்சுக்குள் ஏறிக்கொண்டே அவனைப் பார்த்தாள். அவன் காக்கி பேண்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டினான்.

ஆக, இருபது வருஷ சர்வீசில் முதல்முறையாக ஜெபா பஸ்ஸைத் துரத்தாமல், சைரன் போட்டுக்கொண்டு, டூட்டிக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். நகக்கண்ணில் சேறு அப்படியே இருந்தது. அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை.

நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். ஊசி, ஸ்கேன் எல்லாம் முடிந்து சாயங்காலம் கன்னியம்மா ஜெபாவின் வார்டுக்கே வந்து, பதினாலாம் கட்டிலில் படுத்தாள். பேச்சு பாதி திரும்பியிருந்தது. அந்தப் பாதியே வார்டுக்குத் தாங்கவில்லை.

ஆறு மணிக்கு ஜெபாவின் மகள் சிநேகா போனில் வீடியோ அனுப்பினாள். ஜெபா அதைக் கன்னியம்மாவிடம் காட்டினாள். அறுபது சென்டும் நட்டு முடிந்திருந்தது. ஓரத்து வரிசை மட்டும் ஊர் எல்லைக் கோடுபோல வளைந்து நெளிந்து போயிற்று. மற்ற பத்துப் பேரும் மரியாதையாக அதே வளைவைப் பின்பற்றியிருந்தார்கள். தலைவி கோடுதானே எல்லோருக்கும் கோடு.

"இன்னாடீ இது!" என்று கன்னியம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஆட்டோவ வுட்டு நட்டானா? நாளைக்கே போயி புடுங்கி நடுறேன் பாரு!"

ஜெபா போனைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பட்டையை எடுத்தாள். "கைய நீட்டு. பேசாத, பேசுனா ஏறும்."

கன்னியம்மா கையை நீட்டினாள். ஆனால் பேசினாள். மெதுவாக, ஜெபாவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அன்னிக்கு உங்கம்மா என் பக்கத்து வரிசைல நட்டுகினு இருந்தா. தல சுத்துதுடீன்னா. கழனிக்காரரு அப்ப அங்கியே இல்ல. நான்தான் சொன்னேன், இந்த வரிசைய முடிச்சிட்டு குந்துடீன்னு. நாங்க அப்டித்தான் சொல்லுவோம். எனக்கு தல சுத்துனாலும் அவளும் அதான் சொல்லியிருப்பா."

ஜெபாவின் கை காற்றடிப்பதை நிறுத்தியது.

"உன் கழனிக்கு மட்டும் நான் ஏன் மொத தேதி குடுக்குறேன்? இந்த மிஷினுக்காவன்னு நெனச்சிகினியா? அத கண்டாலே எனக்கு ஆவாது. அதுல கைய வுட்டா உள்ள இருக்கறதெல்லாம் உனக்குத் தெரிஞ்சிடும்னு பயம்."

இருபத்து மூன்று வருஷக் கோபம் ஒரு கணம் ஜெபாவின் முகத்துக்கே வந்தது. வந்ததை அவள் மறைக்கவில்லை; முகம் சிவந்தது, கண் நிறைந்தது. எதிரே கிடந்தவள் உதடு கோணிய ஒரு கிழவி. கையில் நாற்று பிடித்த காய்ப்பு, அம்மாவின் கையில் இருந்த அதே இடத்தில்.

மறுபடி காற்றடித்தாள். நூற்று அறுபதுக்கு நூறு. எழுதிக்கொண்டாள்.

கன்னியம்மா இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "நான் எப்பம்மா போவலாம்?"

"டாக்டரு சொல்றப்ப." ஜெபா போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டாள். "நீ ஒரு வரிசையும் முடிக்க வேணாம், சின்னம்மா. படு."

டூட்டி நேரத்தில் நர்ஸ்கள் உட்காருவது வழக்கமில்லை. பதினைந்தாம் கட்டில்காரி கூப்பிடும் வரைக்கும் ஜெபா கன்னியம்மாவின் கட்டிலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.