அப்பா வேண்டாம் என்ற சோறு

அப்பாவின் வாயில் அரிசி போட எல்லாரும் வரிசையாக நின்றார்கள். செத்த எல்லாருக்கும் போடுவதுதான், அது எனக்கும் தெரியும். ஆனால் ரெண்டு வருஷமாக ஒரு பருக்கைச் சோற்றை உள்ளே விடாத மனுஷன் அவர். அந்த வாய்க்குள் ஆளாளுக்கு அரிசியைத் திணித்தபோது எனக்கு அழுகை நின்றுபோய்க் கோபம் வந்துவிட்டது.

அத்தை, அப்பாவுடைய அக்கா, கை நிறைய அள்ளிக்கொண்டு குனிந்தது.

"வாங்கிக்கடா தம்பி. உசுரோட இருக்கையில வேணாம் வேணாம்ன. இப்பவாச்சும் வாங்கிக்க."

சுற்றி நின்ற பெண்கள் ஓவென்று அழுதார்கள். என் பின்னால் ஒரு குரல், "பட்டினி கெடந்தே போயிட்டாரே மகராசன்" என்றது.

என் அப்பா பட்டினி கிடந்து சாகவில்லை. கோழி ஏற்றி வந்த வண்டி மோதிச் செத்தார். காலை நேரம். பொன்னமராவதி ரோட்டில், டீக்கடைப் பக்கம், தாரை விட்டு இறங்கி மண்ணில் நின்றுகொண்டிருந்தார். வண்டிதான் ரோட்டை விட்டு அவரிடம் வந்தது. ஓட்டியவன் தூங்கிவிட்டான். நடந்தது அவ்வளவுதான். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் தலையை ஆட்டிக் கேட்பார்கள். கேட்டு முடித்து, "இருந்தாலும் ரெண்டு வாயி சோறு தின்னுருக்கலாம்த்தா" என்பார்கள்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். தையல் கடையில் வேலை பார்க்கிறேன். வாயால் சொன்னால் யாரும் காதில் வாங்காததால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா புரோட்டா மாஸ்டர். பொன்னமராவதியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் மத்தியானம் மூணு மணிக்குக் கல் முன்னால் நின்றால், கடை மூடுகிற வரைக்கும் நிற்பார். நல்ல கனத்த உடம்பு. அவர் உட்கார்ந்தால் மொபெட்டின் பின் சக்கரம் பாதி அமுங்கும். நாற்பத்தைந்து வயதுக்குள் முட்டி போய்விட்டது. மாவு பிசையும்போது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வார். ராத்திரி அவர் விடுகிற குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு, சுகர் எல்லையில் நிற்கிறது, எடையைக் குறைக்கவில்லை என்றால் மாத்திரைதான் என்றார்கள். வந்து நான்கைந்து நாள் போனில் எடை குறைப்பதைப் பற்றி யார் யாரோ பேசுகிற வீடியோவாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலையில் அம்மா இட்லி வைத்ததும் தட்டைத் தள்ளினார்.

"இனிமே எனக்கு இட்லி வேணாம். சோறும் வேணாம். சீனியும் வேணாம்."

"அப்ப எதத்தான் திம்பீக? மண்ணையா?"

"முட்டை அவிச்சுக் குடு. கீரை ஆக்கிக் குடு. மீனு, கறி கெடச்சா குடு. நெலக்கடலை குடு. இவ்வளவு இருக்கு, மண்ணத் திங்கச் சொல்றா."

முதல் பத்து நாள் படுத்தி எடுத்துவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். தலை வலிக்கிறது என்பார். காரணம் இல்லாமல் எரிந்து விழுவார். மோரில் உப்பைப் போட்டு மடக் மடக்கென்று குடிப்பார். அதன் பிறகு சரியாகிவிட்டது.

அம்மா மட்டும் சரியாகவில்லை. சோறு வேண்டாம் என்றால் அம்மாவுக்குத் தன்னையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. ஒரு நாள் முட்டைக்கோஸ் பொரியலுக்குள் ஒரு கைச் சோற்றைப் பிசைந்து மறைத்து வைத்துவிட்டது. அப்பா ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார். பருக்கை பருக்கையாகப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் வரிசை வைத்தார். எறும்பு போகிற மாதிரி தட்டைச் சுற்றி ஒரு வரிசை.

"எண்ணிக்க. நீ போட்டது எல்லாம் இருக்கான்னு."

அம்மா கோபமாக இருக்கத்தான் பார்த்தது. முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்ச் சிரித்தது. அன்றிலிருந்து மறைத்து வைப்பதை விட்டுவிட்டது. சண்டையை விடவில்லை.

ஊர்க்காரர்கள் பேசாத பேச்சா! ஓட்டலில் சாப்பிட வருகிறவர்கள், "என்ன மாஸ்டர், எங்களுக்கு மைதாவ வீசிப் போட்டுட்டு நீங்க மட்டும் ஒளிஞ்சு நின்னு முட்டை உரிக்கிறீக? அப்ப இதுல என்னமோ இருக்கு" என்பார்கள். அப்பா கல்லைத் தட்டிக்கொண்டே, "ஒயின்ஷாப்புல வேல பாக்குறவன் எல்லாம் குடிச்சுப்புட்டா நிக்கிறான்? திங்கிறதுன்னா தின்னு, இல்லேன்னா அங்கிட்டு நகரு, பின்னால ஆளு நிக்குது" என்பார். சிரித்துவிட்டு இன்னும் ரெண்டு கேட்டு வாங்குவார்கள்.

சொந்தக்காரர்கள்தான் மோசம். அத்தை மகன் கல்யாணத்தில் அப்பா பொரியல், கூட்டு எல்லாம் சாப்பிட்டுவிட்டு, சோறு வந்தபோது இலைக்கு மேல் கையை மறித்தார். அத்தை அந்தக் கைக்கு மேலேயே ஒரு கரண்டி சோற்றைக் கொட்டியது. சுடு சோறு. கை சிவந்துவிட்டது.

"எங்க வீட்டுச் சோத்துல என்ன வெசமா இருக்கு? பெரிய சினிமா நடிகரு, ஒடம்ப எளைக்க வைக்கிறாரு!"

அத்தனை பேர் பார்க்க அப்பா கையை உதறிவிட்டு, "இல்லக்கா, டாக்டரு வேணாம்னாரு" என்றார். டாக்டர் சோறு வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அக்கா மனசு கோணக் கூடாது என்று ஒரு பொய். அப்படிப்பட்ட ஆளைத்தான் அகங்காரம் பிடித்தவன் என்று அந்தக் குடும்பமே பேசியது.

உடம்பு இறங்கியது உண்மை. அவருடைய சட்டைகளை நான்தான் சைடு பிடித்துக் கொடுத்தேன். முதல் தடவை அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "உள்ள தையல் துணிய வெட்டிப்புடாதடி, நாலு மாசத்துல பழையபடி ஊதிருவாரு" என்றது. வெட்டாமல் உள்ளே மடித்துத் தைத்தேன். அடுத்த தீபாவளிக்குள் மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த தடவை உள்ளே மடித்த துணியே விலாவில் குத்துகிற அளவுக்குச் சேர்ந்துவிட்டது. அப்பா கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வெட்டு ஆத்தா. இனிமே அது நமக்கு வேணாம்."

முட்டி வலி குறைந்து, குனிந்து செருப்பு வாரை அவரே மாட்டினார். குறட்டை நின்றது. முதல் ராத்திரி சத்தமே இல்லாததால் அம்மா பயந்துபோய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்ததாம். மறுபடி ரத்தம் பார்த்தபோது மாத்திரை வேண்டாம் என்றார்கள். காலையில் நடக்க ஆரம்பித்தார். டீக்கடை வரைக்கும் நடை, அங்கே சீனி போடாத டீ, திரும்பி நடை. அப்படி ஒரு நடையில்தான் அந்த வண்டி வந்தது.

டீக்கடை அக்கா என்னிடம் எல்லாம் சொன்னது. "டீக் கிளாஸ் கையில இருக்கு. நேராத்தான் நிக்கிறாரு. எங்கிட்டப் பேசிக்கிட்டிருக்காரு, ஒன்னப் பத்தித்தான். மக தச்ச சட்டைன்னு காலரத் தொட்டுக் காட்டுறாரு. நான் வண்டியப் பாத்துக் கத்துறதுக்குள்ள..."

இந்தக் கதை பத்து வீடு தாண்டவில்லை. தலை சுற்றி விழுந்தார் என்கிற கதை புதுக்கோட்டை வரைக்கும் போய்விட்டது. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரும் அதில் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்தார்கள். அவருக்குக் கண் இருட்டியிருக்கும் என்பார் ஒருத்தர், கால் நடுங்கியிருக்கும் என்பார் இன்னொருத்தர். கூடவே நின்ற மாதிரி சொல்கிறார்கள். அந்தத் தூங்குமூஞ்சி டிரைவரைப் பற்றி ஒருத்தர் வாயிலும் ஒரு வசவு வரவில்லை. வசவெல்லாம் என் அப்பாவுக்கும் அவர் தின்ற முட்டைக்கும்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அம்மா அதை நம்ப ஆரம்பித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, யார் சாப்பாடு கொண்டுவந்தாலும் தொடவில்லை. காப்பித் தண்ணிதான். ஒரு மத்தியானம் நான் சோறு பிசைந்து கொண்டுபோனபோது என் கையைப் பிடித்துக்கொண்டது.

"நான் புடிச்சு ஊட்டிருக்கணும்டி. அடிச்சாலும் பரவால்லன்னு ஊட்டிருக்கணும். பொண்டாட்டின்னு எதுக்கு இருந்தேன்?"

"அம்மா, வண்டி இடிச்சுச்சும்மா."

"தல சுத்துச்சாம்ல. எல்லாரும் சொல்றாகளே."

எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் அங்கே நின்று பார்த்தார்களா? எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்திருப்பேன். இந்த அம்மா மிச்ச ஆயுசு பூராவும் தன்னைத் திட்டிக்கொண்டே கிடக்கப் போகிறது, ஒரு பொய்க்காக. அதுதான் மனசில் ஓடியது. அப்பாவைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அம்மாவையும் பறிகொடுக்க என்னால் முடியாது.

கருமாதிக்கு முந்தின வாரம் சித்தப்பா ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சித்தப்பா அப்பாவுக்குத் தம்பி. கூட வந்த ஆள் வண்டியின் முதலாளி. வெள்ளைச் சட்டை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் பவ்யமாக உட்கார்ந்தார். அம்மா உள் அறையில் இருந்தது.

"நடந்தது நடந்துபோச்சும்மா. எங்க டிரைவர் பையன் வேணும்னு செய்யல. சாப்பாடு இல்லாம அவருக்குத் தல சுத்தி, வண்டி வரையில குறுக்க விழுந்துட்டாருன்னு ஒங்க ஆளுகளே சொல்றாங்க. ஸ்டேஷன்லயும் அதையே சொல்லிப்புட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் நல்லது."

"ஒங்க ஆளுகன்னா யாரு?" என்றேன்.

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"சித்தப்பா, நீங்க பாத்தீகளா?"

"பாக்கணுமா? ஊரே சொல்லுது. பெரியவங்க பேசையில நீ குறுக்க வராத. ஒன்பதாப்புப் படிச்சுப்புட்டு வக்கீல் மாதிரி பேசுறா."

"டீக்கடை அக்கா பாத்துச்சு. அது என்ன படிச்சிருக்குன்னு கேட்டுத்தான் அது கண்ண நம்புவீகளா?"

சித்தப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அப்போது அறைக் கதவு திறந்தது. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எத்தனையோ நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் முகம் சுண்டிப்போய் இருந்தது.

"தம்பி, அன்னிக்குக் காலையில ஒங்க அண்ணன் என்ன சாப்ட்டாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

சித்தப்பா ஓங்கிய கையை இறக்கினார்.

"நாலு முட்டை. நான் அவிச்சேன். மொத நாளு கண்மாய் மீனு ரெண்டு துண்டு, சட்டியில கெடந்தது, அதையும் எடுத்துக்கிட்டாரு. தேங்காச் சில்லு ஒன்னக் கடிச்சுக்கிட்டே வாசலுக்குப் போனாரு. போயி, தெருவே கேக்குற மாதிரி ஒரு ஏப்பம் விட்டாரு. விடியக்காலையில என்னா ஏப்பம் இது, மாடு மாதிரின்னு நான் திட்டுனேன். அதுதான் நான் அவருகிட்டக் கடைசியாப் பேசுனது." அம்மா வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம் திரும்பியது. "பட்டினி கெடந்தவருக்கு ஏப்பம் எங்கேருந்துங்க வரும்?"

அவர் செருப்பு கிடந்த வாசலைப் பார்த்தார்.

"எம் புருஷன் வயிறு நெறஞ்சுதான் வெளிய போனாரு. ஸ்டேஷன்ல கேட்டாலும் இதத்தான் சொல்வேன். எந்திரிச்சுப் போங்க."

போய்விட்டார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. சித்தப்பா எங்களோடு பேசுவதில்லை, அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அன்றைக்கு அம்மா திரும்பி அறைக்குள் போகவில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்து, "நாலு முட்டைடி. நாந்தான் அவிச்சேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதது. அது வேறு அழுகை.

கருமாதி முடிந்த மறுநாள் கறி எடுத்து ஆக்கிப் படைத்தோம். அப்பா படத்துக்கு முன்னால் இலையை அம்மாவே விரித்தது. கறி வறுவல், ரெண்டாக வெட்டிய முட்டை, முருங்கைக் கீரை, முட்டைக்கோஸ் பொரியல். இலைக்குப் பக்கத்தில் சீனி போடாத டீ ஒரு கிளாஸ். அத்தை சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"நடுவுல எடமே விடலையே. சோறு எங்கிட்டு வைக்கிறது?"

"வைக்காதீங்க அண்ணி. அவரு வேணாம்னாரு."

"செத்தவன் எங்கடி சொன்னான்?"

"ரெண்டு வருஷமாச் சொன்னாரு. நம்மதான் காதுல வாங்கல."

அத்தை குண்டானோடு அப்படியே நின்றது. இதென்ன கூத்து, சோறு வைக்காத படையல் எந்த ஊரில் உண்டு என்று நான்கு பேரிடம் நியாயம் கேட்டது. ஒருத்தரும் ஒத்து ஊதாததால் குண்டானை ணங்கென்று தரையில் வைத்தது. சூடம் காட்டினோம். கும்பிட்டோம்.

பந்தி போட்டபோது அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தது.

"எனக்குச் சோறு போடு."

போட்டேன். கறிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து, பெரிய பெரிய உருண்டையாக எடுத்துச் சாப்பிட்டது. அப்பா இறந்த பிறகு அம்மா சாப்பிட்டு நான் பார்ப்பது அன்றுதான். பாதியில் நிமிர்ந்து, "ரசம் இருக்காடி?" என்றது.

எதிர்ப் பந்தியில் இருந்து அத்தை பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தது எனக்கு நன்றாகவே கேட்டது.

"புருஷன் போயி ஒரு மாசம் ஆகல. சோறு எப்புடி எறங்குது பாரு."

நான் எழுந்து போய், அத்தை வைத்த அதே குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து, அத்தை பார்க்கப் பார்க்க அம்மா இலையில் இன்னும் ரெண்டு கரண்டி போட்டேன்.