அம்மன் தீர்த்துவைத்த குமட்டல்

என் வயிறு பட்ட பாட்டையும், கூடப் பிறந்தவன் செய்த துரோகத்தையும் சொல்லப்போகிறேன். அம்மனை நம்புகிறவர்கள் பொறுமையாகக் கேளுங்கள்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எம். புதுப்பட்டியில் சொந்தமாகப் பட்டாசு ஆலை போட்டு, வடநாட்டுக்கு லோடு லோடாக அனுப்பினேன். ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்மண்டபம்கூட நான் கட்டியதுதான்.

அறுபதுகளின் தொடக்கம். தீபாவளி சீசன். தூக்கம் போயிற்று. பிறகு, ஆளில்லாத அறையில் குரல் கேட்டது. ஆலையைக் கொளுத்தப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வேலையாட்களை அடித்து விரட்டினேன். மதுரையில் மனநோய் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் மாத்திரை கொடுத்தார். குரல் அடங்கியது. ஆனால் குமட்டல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் நன்றாக இருப்பேன், மறுநாள் குடலே வெளியே வந்துவிடும்போல ஓங்கரிப்பேன். செத்துவிடலாம் என்றிருந்தது.

என் தம்பியைத் தூக்கி வளர்த்தவன் நான். ஆலையில் பங்கும் கொடுத்தேன். அவன்தான் காதில் ஓதினான்.

"அண்ணே, இது மாத்திரையால வந்தது இல்ல. மதினி சோத்துல வசிய மருந்து வச்சிருக்காக. ஒங்களக் கைக்குள்ள போடத்தான்."

வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிற ஆளிடம் என்னைக் கூட்டிப் போனான். அந்த ஆள் என் வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி, மயிர் சுற்றிய உருண்டை ஒன்றைத் துப்பிக் காட்டினான். யார்தான் நம்பமாட்டார்கள்? மனைவி அன்னத்தாயை அவள் பிறந்த ஊரான ஆமத்தூருக்கு அனுப்பிவிட்டேன். மாத்திரையையும் நிறுத்தச் சொன்னான் தம்பி. நிறுத்தினேன். குமட்டல் நின்றது. குரல் திரும்பி வந்தது. நான் வீட்டில் முடங்கிக் கிடக்க, ஆலையில் என் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். பட்டாசு லேபிளில் என் பெயர் போய் அவன் பெயர் ஏறியது.

கோயிலுக்குப் போய் அம்மனோடு சண்டை போட்டேன். "ஒனக்கு மண்டபம் கட்டுனவன் நான். செவ்வாய், வெள்ளி மாத்திரை முழுங்குற தண்ணியத் தவிர வாயில எதுவும் வைக்காம விரதம் இருந்தவன். நீயுமா என்னைக் கைவிட்டே? எனக்குத் துரோகம் பண்ணுனது யாருன்னு காட்டு!"

அதுவரை எவர் முன்னும் அழாதவன், அங்கே அழுதேன்.

திரும்பினால் அன்னத்தாய் நிற்கிறாள். எனக்காக வேண்டிக்கொள்ள வந்தாளாம்.

"இங்கன எதுக்கு வந்தே? மருந்து மிச்சம் இருக்கோ?" என்றேன்.

"இருக்கு, வாயத் தொறங்க," என்றாள். "ஒங்களுக்குக் குமட்டுனது எந்தெந்தக் கிழமை? செவ்வாயும் வெள்ளியும்தான? அன்னைக்கு ஒங்க விரதம். நான் ஒங்களுக்குச் சோறே போடலையே. பெறகு எதுல மருந்து வச்சேன்? சொல்லுங்க பாப்போம்!"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. அம்மனிடம் கேட்டேன், பதில் இவள் வாயிலிருந்து வந்தது.

அவளே மதுரைக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வெறும் வயித்துல போட்டா குமட்டத்தான் செய்யும் அண்ணாச்சி. விரதத்த விட்டுட்டு, சாப்பிட்ட பெறகு போடுங்க. அப்பவும் குமட்டுனா எங்கிட்ட வாங்க, அளவ மாத்துவோம். நீங்களா நிறுத்தக்கூடாது."

அப்படியே செய்தேன். குமட்டல் விட்டது. கொஞ்ச நாளில் குரலும் அடங்கியது. நேரே ஆலைக்குப் போனேன். தம்பி நாற்காலியை விட்டு எழவில்லை.

"கிறுக்கன் கையில வெடிமருந்தக் குடுக்க முடியுமாண்ணே? மருந்து எடுத்தவன்கிட்ட அந்த உருண்டைய வாயில வச்சுக்கிடச் சொன்னதே நாந்தான்."

வேலையாட்கள் முன்னால் சொன்னான். நான் ஊட்டி வளர்த்த வாய் அது.

விஸ்வநத்தத்தில் வேறு ஆலை போட்டேன். என் பெயருக்கே ஆர்டர் வந்தது. தம்பியை மன்னிக்கச் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. அதையும் அம்மன் பாதத்தில்தான் போட்டிருக்கிறேன்.

இப்போது செவ்வாய்க்கிழமையும் அன்னத்தாய் போடுகிற சோற்றைத் தின்று, மாத்திரை விழுங்கிவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறேன். அம்மன் கோபிக்கவில்லை. உங்களுக்குக் கஷ்டம் வந்தால் அவளிடம் அழுங்கள், சண்டையும் போடுங்கள். பதில் அனுப்புவாள். அதைக் கொண்டு வருகிற ஆளை மட்டும் வாசலோடு விரட்டிவிடாதீர்கள்.