உறைந்த பூவும் மகள் கேட்ட கேள்வியும்

இந்த வருடம் பொங்கல் முடிந்த மறுவாரம் நடந்தது இது. நாங்கள் கிருஷ்ணகிரி பக்கம் குருபரப்பள்ளியில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. பெங்களூரில் அறிவியலுக்குப் பேர்போன ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்கவும், அதற்கு விண்ணப்பிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளவும் பள்ளியில் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். பெண் பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு அம்மா வேண்டும் என்று டீச்சர் கேட்க, கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

எனக்கு உள்ளூர வேறு எண்ணம். ரிசல்ட் வந்ததும் மகளை நான் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே சேர்ப்பதாக வீட்டுக்காரர் சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருந்தார். இவளோ இந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நேரில் பார்த்தால் மிரண்டுபோய்த் தானே வேண்டாம் என்றுவிடுவாள் என நினைத்தேன்.

மிரண்டது நான்தான். வாசலில் செக்யூரிட்டியைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் போனை எடுத்து நீட்டி, சோதனைக்குக் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கம்பெனியில் தினமும் அப்படித்தானே உள்ளே போகிறோம்! என்னைப் பார்த்துப் பிள்ளைகளும் வரிசையாகக் கையை விரித்தார்கள். அவர் திகைத்துப் போய், "பேடம்மா, ஹோகி ஹோகி" என்று, அதெல்லாம் வேண்டாம் போங்க எனக் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தபடி வழிவிட்டார்.

மகள் என் இடுப்பில் கிள்ளினாள். "மானத்த வாங்காத மா."

யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று திறந்துவிட்ட நாள் அது, உள்ளே திருவிழா மாதிரி கூட்டம். ஒரு ஆய்வுக்கூடத்தில், புகை கக்கும் கடுங்குளிர் திரவத்தில் ரோஜாப்பூவை முக்கி எடுத்து மேசையில் தட்டினார் ஒரு மாணவர். பூ அப்பளமாக நொறுங்கியது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், நானும்தான். அவர் ஆங்கிலத்தில், யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார்.

என் மகள் கையைத் தூக்கினாள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்துக்குத் தாவி, நடுவே இங்கிலீஷையும் போட்டுக்கொண்டு, எங்கள் ஊர் பஸ்ஸில் பேசுகிற மாதிரியே கேட்டாள். பூவில் தண்ணீர் இருக்கிறது, அது உறைந்து உடைகிறது. அப்படியானால் காய்ந்த ராகி விதையை இதில் முக்கினால் சாகுமா, பிறகு விதைத்தால் முளைக்குமா?

கம்பெனியில் வரிசையாக நின்று வேலை பார்க்கும் லைனில் நான் இப்படி எதையாவது கேட்டால், "லைன் ஓடட்டும், பேச்ச அப்பறம் வெச்சிக்கோ" என்பார் சூப்பர்வைசர். அதே ஞாபகத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த மாணவரோ கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடி, ஒரு பேராசிரியை அம்மாவைக் கூட்டி வந்தார். பக்கத்து மேசைக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

அந்த அம்மா கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். நன்றாகக் காய்ந்த விதை பிழைத்துக்கொள்ளுமாம், ஈர விதைதான் செத்துப்போகுமாம். விதைகளை அப்படிப் பல வருடம் காப்பாற்றி வைக்கிறார்களாம். பிறகு மகளிடம், எவ்வளவு ஈரம் வரை தாங்கும் என்று கேட்டார். இவள் ஒன்று சொல்ல, அவர் மறுக்க, இவள் விடாமல் இன்னொன்று கேட்க, எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. என் வயிற்றில் பிறந்ததா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

திரும்பும்போது பஸ் முழுக்க ஒரே பாட்டும் கூத்தும். இவள் மட்டும் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஓசூர் தாண்டியதும் சொன்னேன்.

"பாப்பா, நீ எழுதிப் போடு. கம்பெனியில நான் சொல்லிக்கறேன்."

"அப்பா ஒத்துக்கணுமே மா."

"அவர நான் பாத்துக்கறேன். நீ படிக்கற வேலயப் பாரு."

அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது அவரே நுழைவுத்தேர்வுக்கு எப்போது போகணும் என்று விசாரிக்கிறார். இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் மகள் கேட்ட ஒரு கேள்விக்காக அத்தனை பேர் கைவேலையை விட்டுவிட்டு வந்து நின்றதைப் பார்த்த பிறகு, அவளை வாய்மூடி லைனில் நில் என்று சொல்ல எனக்கு வாய் வராது.