துரைராசுவின் பின் பிரேக்

துரைராசுவுக்கு வலது கால் சூம்பியது. இடது காலாலேயே மிதிப்பார். பிரேக் பிடிக்காவிட்டால் மற்றவர்களைப் போல் காலை ஊன்றி நிறுத்த அவரால் முடியாது. ஆனாலும் 1970-இல் குத்தகைக்காரர்கள் தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ள அரசாங்கம் கெடு வைத்தபோது, நன்னிலத்தைச் சுற்றிய ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போய் மனு எழுதிக்கொடுத்தார். மிராசுதார்களின் மிரட்டலுக்கும் அவர் மசியவில்லை.

ஒரு மழைநாளில் மதகுச் சரிவில் பின் பிரேக் வழுக்கி, பையிலிருந்த நாற்பத்திரண்டு மனுக்களோடு வாய்க்காலில் விழுந்தார். எழுதியதெல்லாம் கரைந்துபோயிற்று.

"இனிமே பஸ்ல போங்க" என்றாள் மனைவி அமிர்தம்.

"பஸ் போற ஊருக்கா நான் போறேன்?" என்று சிரித்துவிட்டு, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

பின்சக்கரத்தின் ரிம் கண்ணாடி மாதிரி வழவழத்தது. பிரேக் கட்டை ஓரத்தில் மட்டுமே உரசிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாளால் ரிம்மைக் குறுக்காகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். கட்டையையும் அரத்தால் ராவி, முழுசாகப் பதியும்படி முடுக்கினார்.

மறுநாள் தூறலிலேயே அதே சரிவில் இறங்கினார். அமிர்தம் கரையில் நின்று பார்த்தாள். பாதியில் அவர் பிரேக்கைப் பிடித்ததும் சக்கரம் கிறீச்சென்று நின்றது.

நாற்பத்திரண்டு மனுக்களையும் திரும்ப எழுதி, கெடுவுக்கு முந்தின நாளே தாலுகா ஆபீசில் சேர்த்தார் அந்த மனிதர்.