நீராகாரம்

மருந்துக்கடைக்காரம்மா நான்கு பொட்டலங்களை மேசைமேல் வைத்துவிட்டு, "போன் குராஜ்" என்றாள். தைரியமாக இருங்கள் என்று அர்த்தம். பேதி மருந்துக்கும் தைரியம் சொல்லி அனுப்புகிற தேசம் இது. ஊரில் இருக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மறுநாள் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போது துளி அழுக்கு இருக்கக் கூடாது என்று நான்கு லிட்டரையும் குடித்தாக வேண்டும். பாரீஸ் புறநகரில், எட்டாவது மாடி வீட்டில் தனியாக உட்கார்ந்து குடித்தேன். உப்புத் தண்ணீரில் எலுமிச்சைத் தோலை அலசின மாதிரி ருசி. மூன்றாவது டம்ளரிலேயே குமட்டிக்கொண்டு வந்தது.

போன வருஷங்களில் புதுச்சேரியில் என் அண்ணனுக்கு இதே சோதனை வந்தபோது இந்தப் பாடு இல்லை. சாரத்தில் வீடு, சேதராப்பட்டில் கம்பெனி வேலை. மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று சொல்லி ஒரு வருஷம் மறைத்தவன். அண்ணி அழுது, நான் போனில் கத்தி, அப்புறம்தான் டாக்டரிடம் போனான். அங்கே கொடுத்தது இரண்டு சின்ன பாட்டில் மருந்து. இங்கே நோயாளிகளை நாலு லிட்டர் குடிக்க வைப்பார்கள் என்று போனில் சொன்னேன்.

"உங்க ஊர்ல நாலு லிட்டரா? மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி காட்றானுவளா? எனக்கு ரெண்டே மடக்குடா" என்று கேலி செய்தான். பிறகு குரலை இறக்கி, "சீட்டுல இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கு. முந்தின நாளு என்னா சாப்டணும்? நீதான் ஆஸ்பத்திரியில வேல பாக்கறியே, சொல்லு" என்றான்.

நான் டாக்டரில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டு அடுக்குகிறவன். இந்தச் சோதனைக்குப் போகிறவர்களின் தட்டில் 'லிகித் க்ளேர்', அதாவது தெளிந்த திரவம் மட்டும், என்று சீட்டு வைப்போம். வடிகட்டின சூப், ஆப்பிள் ஜூஸ். டம்ளருக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்துத் தெரியணும், அவ்வளவு தெளிவு. இதையே அவனிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஊரிலிருந்து யோசனை கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மேதாவியாட்டம், "நீராகாரம் மட்டும்தாண்ணா. வேற எதையும் தொடாத" என்றேன்.

பதினெட்டு வருஷம் பிரெஞ்சு பேசியதில், நம்ம வீட்டில் நீராகாரம் என்றால் என்ன என்பதே மறந்துபோயிருந்தது. தம்பி சொல்லைத் தட்டாமல், அண்ணன் அன்றைக்கு மூன்று வேளையும் பழைய சோற்றைப் பிசைந்து, மோர் ஊற்றிக் குடித்திருக்கிறான். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். மறுநாள் டாக்டர் பாதியிலேயே குழாயை உருவிவிட்டாராம். "உள்ள ஒரே சோறும் வெங்காயமுமா கெடக்கு. சுத்தம் பண்ணிட்டு இன்னொரு நாள் வாங்க" என்று நர்ஸ் எல்லார் முன்னாலும் சொல்ல, அவனுக்கு மானம் போயிற்று.

"மறுபடி போண்ணா" என்று கெஞ்சினேன். "போறேன்டா, போறேன்" என்றான். போனது எட்டு மாதம் கழித்து, குடல் அடைத்துக்கொண்ட பிறகு. அப்போது கட்டி கைக்கே தட்டுப்பட்டது.

கடைசி வரைக்கும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீ சரியாத்தான்டா சொன்ன. நான்தான் வெங்காயத்தக் கடிச்சிட்டேன்" என்றான். ஐயோ, அதை நம்பிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தான். தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குப் போனில் வைத்தியம் சொல்கிற என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கூடப்பிறந்தவனுக்குக் குடலில் புற்று இருந்ததால் எனக்கும் பார்க்க வேண்டும் என்றார் இங்குள்ள டாக்டர். அதற்குத்தான் அந்த நான்கு லிட்டர். குடித்து முடித்து, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். "நீராகாரம்" என்று தமிழில் வந்துவிட்டது.

"பார்தோன்?" என்றாள், காதில் விழாதவள் மாதிரி.

"லிகித் க்ளேர்" என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். உங்களுக்கு ஏதாவது ஆனால் தகவல் சொல்ல, பழைய பைலில் ஓர் இந்திய நம்பர் இருக்கிறது, இவரேதானா என்று கேட்டாள். சாரத்து வீட்டு நம்பர். அதற்கு மேலே அண்ணன் பெயர். வேறு ஒரு பெயரைச் சொல்ல இந்த தேசத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

"ஆமாம், இவர்தான்" என்றேன்.